காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

"இன்னைக்கு இமைமுடி ஒட்ட மாட்டேன். காதுக்குப் பின்னால ஒரு பொட்டு பசை வச்சு அனுப்புறேன். ஒண்ணும் ஆகலைன்னா நாளன்னைக்கு வாங்க, ஒட்டி விடுறேன்."

கடையில் எல்லோரும் டிகிரி என்று கூப்பிடுகிற பெண் இதைச் சொன்னதும் பார்லர் கப்சிப் ஆகிவிட்டது. புருவம் திருத்திக்கொண்டிருந்த நூலக்கா, பல்லில் கடித்த நூலை விடாமல் தலையை மட்டும் திருப்பினாள். அவள் கையில் ஒன்றரைப் புருவத்தோடு மாட்டிக்கொண்டிருந்த பெண் "என்னாச்சு?" என்று ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். முன் மேசையில் போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கடைச் சொந்தக்காரி, டிகிரியின் சித்தி, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

படியேறி வந்தவளை வெறும் கண்ணோடு இறக்கி விடக் கூடாது. அந்தக் கடையின் முதல் சட்டம் அது. டிகிரி வேலைக்குச் சேர்ந்த அன்றே சித்தி சொல்லியிருந்தாள்: "வாடிக்கைகிட்ட எத வேணா கேளு. தலையத் திருப்பச் சொல்லு, வாய மூடச் சொல்லு. 'இன்னொரு நாள் வாங்க'ன்னு மட்டும் கேக்காதே. நீ இன்னொரு நாள்னு சொன்னா, அவ இன்னொரு கடைக்குப் போவா." செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிற பார்லர். ஏறி வருகிறவளுக்கு மூச்சு சீராவதற்குள் கட்டிலில் படுக்க வைத்துவிட வேண்டும். சித்தியின் தொழில் ரகசியமே அதுதான்.

டிகிரிக்கு எதிரே நின்றவள் பஸ் ஓட்டுகிறவள். தெருக்கோடி டிப்போவில் பதினோரு வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிறாள். ஆள் வாட்டசாட்டம், குரல் அதற்கு மேலே. வாழ்க்கையில் முதல் தடவையாக இமைமுடி ஒட்டிக்கொள்ள வந்திருந்தாள்.

"ஏம்மா, வாரத்துக்கு ஒரு லீவு. அதுலயும் துணி துவைக்காம ஓடி வந்திருக்கேன். நீ 'போயிட்டு வா'ங்கிற?"

"தலைக்கு டை அடிச்சப்ப நெத்தியெல்லாம் வீங்கிப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது டை. இது பசை."

"அது வேற, இது வேறயா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதத்தான் பாக்கணும். வீங்கறதா இருந்தா காதுக்குப் பின்னால வீங்கட்டும். காதால யாரும் பஸ் ஓட்டுறதில்ல."

பஸ்காரி ஒரு கணம் முறைத்தாள். பிறகு டிப்போவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். "வாயப் பாரு! சரி, வை. நானும் பிரேக்க மிதிச்சுப் பாக்காம வண்டிய எடுக்கிறதில்ல. பாக்காம எடுன்னு சொல்றவன்கிட்ட பேச்சே வச்சுக்கிறதில்ல."

அவள் ஏன் வந்தாள் என்பதையும் அவளே சொன்னாள். கேட்காமலேயே சொல்லுகிற ஆள். "தொப்பி போட்டு உக்காந்தா பின்னாடி இருந்து எவனுக்கும் தெரியல. 'அண்ணே, நிறுத்துங்க'ங்கிறான். பதினோரு வருஷமா நான் அண்ணன். தலைக்கு மேல கண்ணாடி இருக்குல்ல, அதுல என் கண்ணு மட்டும்தான் தெரியும். அதப் பாத்தாவது அக்கான்னு கூப்பிடட்டும்னுதான்." கொஞ்சம் குரலைத் தணித்தாள். தணித்த குரலே சாதாரண ஆட்களின் சத்தம். "திங்கக்கிழமையில இருந்து மலை ரூட்டு எனக்கு. மூணு வருஷம் சண்டை போட்டு வாங்கினது. 'பொம்பளைக்கு எதுக்கு வளைவு'ன்னு அங்க நாலு பேர் இன்னும் வயிறெரிஞ்சுட்டு இருக்கான். அன்னைக்கு நல்லா இருக்கணும்ல, அதான்."

திங்கட்கிழமை. மலைப்பாதை. டிகிரி அதை, வாடிக்கையின் விவரம் எழுதுகிற கார்டில் எழுதவில்லை, மனதில் எழுதிக்கொண்டாள். மற்றதையெல்லாம் கார்டில் எழுதினாள். டை அடித்து வீங்கியது, கண்ணுக்குள் லென்ஸ் இல்லை, மருந்து எதுவும் எடுப்பதில்லை. வலது காதுக்குப் பின்னால் துடைத்து, காய்ந்ததும் ஊசி முனையளவு பசை வைத்தாள். எந்த பாட்டில், என்றைக்குத் திறந்தது என்பதையும் எழுதினாள்.

"அரிச்சா சொறியாதீங்க. எனக்குப் போன் பண்ணுங்க."

"அரிச்சா உன்னத்தான் சொறியணும்" என்றபடி பஸ்காரி படியிறங்கினாள். மாடியே அதிர்ந்தது.

சித்தி காத்திருந்தது அதற்குத்தான். "டிகிரி, இங்க வா."

"சொல்லுங்க சித்தி."

"கடைக்குள்ள நான் சித்தி இல்ல. மேடம்."

"சொல்லுங்க மேடம்."

"நீ என்ன ஆஸ்பத்திரியா நடத்துற? காதுக்குப் பின்னால பொட்டாம், கார்டாம். ஒருத்திகிட்ட 'ஒத்துக்குமான்னு பாக்கணும்'னு சொன்னா, சுத்தி இருக்கிற நாலு பேருக்கும் பயம் வருமா வராதா? பயத்த நாமளே விக்கலாமா?"

"பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படலாம் மேடம்."

"பன்னெண்டு வருஷமா ஒட்டுறேன். எந்தக் கண்ணாவது அவிஞ்சு போச்சா?"

"வீங்கினவங்க திரும்பி வர மாட்டாங்க. அதனால உங்களுக்குத் தெரியல."

நூலக்கா இருமினாள். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவள் கெட்டிக்காரி. பதில் வராதபோது சொல்வதற்கென்று சித்தியிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். அதைச் சொன்னாள்: "படிச்ச திமிரு."

படித்தது உண்மை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் கால் அவளுடையது. வேதியியல். பட்டம் வாங்கிய அன்று அம்மா அந்தத் தாளை மாற்றி மாற்றி இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்க உன் பேரு இருக்கு?" என்று கேட்டாள். காட்டியதும் அந்த இடத்தை மட்டும் விரலால் தடவினாள். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அந்தத் தாளுக்கு வேலை கிடைக்கவில்லை. போகிற இடத்திலெல்லாம் "அனுபவம் இருக்கா?" என்றார்கள். அனுபவத்தைக் கடையில் விற்கிறார்களா என்ன? கடைசியில் சித்தி கூப்பிட்டாள். "வீட்டுல சும்மா இருக்கிறதுக்கு என் கடையில கையாளா இரு." இருந்தாள். வந்த அன்றே நூலக்கா வைத்த பெயர்தான் டிகிரி. கிண்டலுக்கு வைத்த பெயர், பெயராகவே ஒட்டிக்கொண்டது.

வேலையைக் கேவலமாக நினைத்து வந்தவள்தான். ஆனால் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு மனுஷியின் மூடிய கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் கூர்மையான இடுக்கியைப் பிடித்த முதல் நாளே அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. இது விளையாட்டு இல்லை. ஆய்வகத்தில் கை நடுங்கினால் கண்ணாடிக் குழாய் உடையும். இங்கே உடைந்தால் வாங்கிப் போட முடியாது.

அன்றிலிருந்து பிடிவாதம் ஏறியது. ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் முழங்கை வரை சோப்புப் போடுவாள். இடுக்கியைத் துணியில் துடைத்து வைக்கிற பழக்கத்தை ஒழித்து, கழுவி, கிருமிநாசினியில் கடிகாரம் பார்த்து ஊறப்போடுவாள். இமை சீவும் பிரஷை அந்த வாடிக்கையிடமே கொடுத்து அனுப்பிவிடுவாள். இன்னொருத்தி கண்ணுக்கு அது போகாது. கண் சிவந்து வருகிறவளை ஒட்டாமல் டாக்டரிடம் போகச் சொல்வாள். இரண்டு இமைமுடி சேர்ந்து ஒட்டிக்கொண்டால், ஒன்று வளரும்போது மற்றதை வேரோடு இழுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். பசை பாட்டிலைத் திறந்த தேதியை ஒட்டி வைப்பாள். ஒரு மாதம் ஆனால் பாதி இருந்தாலும் குப்பைக்கூடை. சித்தியால் பொறுக்க முடியாதது இந்தக் கடைசிப் பழக்கம்தான். "பசையக்கூட பால் மாதிரி தேதி பாத்துக் கொட்டுறா" என்று அக்காவிடம், அதாவது டிகிரியின் அம்மாவிடம், போனில் புலம்புவாள்.

எல்லோரும் ஒட்டியதும் விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பி வைப்பார்கள். "இந்தப் பசை காத்துல காயுறதில்ல, காத்துல இருக்கிற ஈரத்துல கெட்டியாகுது" என்று டிகிரி சொல்லிப் பார்த்தாள். ஈரத்தில் காய்கிற பசையா என்று ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் தன் காசில் ஈரப்பதம் காட்டுகிற சின்ன டப்பா ஒன்றை வாங்கி ஜன்னலில் வைத்தாள். சிரிப்பு நின்றது. நம்பியதால் இல்லை, அலுத்துப்போனதால்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. வியாழக்கிழமை காலை டியூட்டி முடிந்த கையோடு பஸ்காரி வந்துவிட்டாள். காது மடலை மடக்கிக் காட்டினாள். தோல் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"பாத்தியா? இரும்பு உடம்பு. நீதான் பயந்து செத்த."

"நான் பயப்படல. பாத்தேன். படுங்க."

படுத்தாள். டிகிரி கை கழுவினாள், இமையைக் கழுவி உலர்த்தினாள், கீழ் இமைமுடியை மூடி மெத்தென்ற பட்டையை ஒட்டி, ஓரங்களை டேப்பால் பிடித்தாள். கண்ணாடித் தட்டில் ஒரு துளி பசை. இடது இடுக்கியால் ஒரே ஒரு முடியைப் பிரித்து நிறுத்தினாள். வலது இடுக்கியால் புது முடியைப் பசையில் தொட்டு, இமைத் தோலில் படாமல் ஒரு நூல் தள்ளி வைத்தாள்.

பத்து, பதினைந்து முடி போனது. பஸ்காரி கண்ணை மூடியபடியே மலை ரூட்டின் வளைவுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். "ஏழாவது வளைவுல லாரிக்காரன் வெளிய ஏறி வருவான். ஹாரன் அடிச்சா கேக்காது. லைட்டப் போட்டுக் காட்டணும்."

இருபதாவது முடியில் டிகிரியின் கை நின்றது.

பசை சீக்கிரமாகப் பிடிக்கிறது. அவளுடைய பசைக்கு அவள் மனதுக்குள் ஒரு கணக்கு உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் முடியை நேராக்கிவிடலாம். அதற்குப் பிறகுதான் அது இறுகும். இன்றைக்கு ஒன்று என்பதற்குள் கவ்விக்கொள்கிறது. ஜன்னல் டப்பாவைப் பார்த்தாள். ஈரம் நேற்று முன்தினம் இருந்த அளவுதான். தட்டில் இருந்த துளியை இடுக்கி முனையால் தொட்டு இழுத்தாள். நூல் மாதிரி நீண்டது. வாசனையும் மூக்கில் குத்தியது.

பாட்டிலை எடுத்தாள். அவள் கையெழுத்து. அவள் ஒட்டிய தேதி. செவ்வாய்க்கிழமை பாதிக்குக் கீழே இருந்தது. இன்றைக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கழுத்து வரைக்கும் நிற்கிறது.

பசை ஊற்று எடுக்காது. மாடு மாதிரி கறக்காது. யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

"நூலக்கா" என்றாள், குரலை உயர்த்தாமல். நூலக்கா வந்தாள். பாட்டிலைக் காட்டியதும் அவள் முகம் மாறிய மாற்றமே பதில்.

"உனக்கு உபகாரமாத்தான் மேடம் செஞ்சாங்கடி. செவ்வாக்கிழமை கடை பூட்டுறப்ப. வேகப் பசைன்னு போன வாரம் புதுசா வாங்கி அவங்க கட்டில்ல ஒட்டுறாங்கல்ல, அத எடுத்து உன் பாட்டில்ல நெறப்பினாங்க. 'இவ ஆமை மாதிரி ரெண்டு மணி நேரம் ஒட்டுறா, இத ஊத்தினா ஒரு மணியில முடிப்பா. சொன்னா எகிறுவா, சொல்லாம ஊத்திடறேன்'னாங்க."

டிகிரிக்கு உச்சந்தலை சூடானது. காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தது ஒரு பசை. கண்ணில் ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. அந்தச் சோதனைக்கு இப்போது அர்த்தமே இல்லை. சோதனையே செய்யாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பயந்து பயந்து ஒட்டியிருப்பாள். செய்துவிட்ட தைரியத்தில் அல்லவா ஒட்டினாள்?

திரையை விலக்கிக்கொண்டு சித்தி வந்தாள். குசுகுசுப்பு அவளுக்குக் கேட்காமல் போனதே இல்லை. "என்ன கூட்டம் இங்க?"

"என் பாட்டில்ல வேற பசை இருக்கு."

"வேற என்ன வேற? எல்லாம் பசைதான். ஒட்டு."

"இதுக்குச் சோதனை பண்ணல."

"அடியே" என்று சித்தி பல்லைக் கடித்து, தணிந்த குரலில் ஆரம்பித்தாள். "வாடிக்கை படுத்திருக்கா. இருபது முடி ஒட்டியாச்சு. இப்ப ஒண்ணும் ஆகலல்ல? முடிச்சு அனுப்பு. நாளையில இருந்து உன் பசை, உன் பாட்டிலு, உன் இஷ்டம். இப்ப என் மானத்த வாங்காதே."

"இப்ப ஆகாது. ராத்திரி ஆகும், நாளைக்கு ஆகும். அப்ப இவங்க நம்ம முன்னால இருக்க மாட்டாங்க."

"எல்லாருக்குமா ஆகுது? ஆயிரத்துல ஒருத்திக்கு."

"டை அடிச்சு வீங்கின ஆயிரத்துல ஒருத்தி இங்கதான் படுத்திருக்காங்க."

"இதப் பாருங்க" என்று கட்டிலிலிருந்து மூன்றாவது குரல் வந்தது. இருவரும் துள்ளினார்கள். "கண்ணத்தான் மூடி ஒட்டியிருக்கீங்க. காத ஒட்டல. என்ன நடக்குதுன்னு யாராவது ஒருத்தர் சொன்னா நல்லா இருக்கும். நீ சொல்லு, சின்னப் பொண்ணு."

சித்தி டிகிரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். கெஞ்சுகிற பிடியா, எச்சரிக்கிற பிடியா என்று தெரியவில்லை. இரண்டும்தான். டிகிரி கையை விடுவித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க காதுல வச்ச பசையும் இப்ப ஒட்டுற பசையும் ஒண்ணு இல்ல. பாட்டில மாத்தி ஊத்தியிருக்காங்க. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாக்காதது என் தப்பு. இது உங்களுக்கு ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். எனக்குத் தெரியாது. தெரியாதத நான் உங்க கண்ணுல வைக்க மாட்டேன். இருபது முடியையும் எடுத்துடறேன்."

கீழே செருப்புக் கடையில் ஷட்டர் தூக்குகிற ஒலி கேட்டது.

"மாத்தி ஊத்தினது யாரு?" என்றாள் பஸ்காரி.

பஸ்காரி மூடிய கண்ணோடு சரியாகச் சித்தி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "டீசல் வண்டியில பெட்ரோல ஊத்திட்டு, ரெண்டும் எண்ணெய்தானேன்னு ஒருத்தன் சொன்னான் எங்க டிப்போவுல. இப்ப அவன் டிப்போவுல இல்ல. எடும்மா."

எடுத்தாள். கரைக்கிற கிரீமை ஒவ்வொரு முடியிலும் வைத்து, கண்ணுக்குள் இறங்காமல் பஞ்சால் அணை கட்டி, நேரம் பார்த்து, இழுக்காமல் வழித்து எடுத்தாள். ஒட்டியதைவிட எடுப்பதற்கு அதிக நேரம் ஆனது. இமையைக் கழுவி, கண்ணைத் திறக்கச் சொல்லி, விளக்கை விலக்கிவிட்டு வெள்ளையைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. பிறகு இடது காதுக்குப் பின்னால், அந்தக் கலப்புப் பசையில் ஒரு பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"இது ஒத்துக்கலைன்னா தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது. நாளைக்கு வேற எங்கயாவது இதையே ஒட்டிக்கப் போயிடுவீங்க. ஆனா அரிக்கலாம், வீங்கலாம். வேண்டாம்னா வேண்டாம்."

"வை. காது ரெண்டு இருக்கிறது எதுக்கு?"

சாயங்காலம் வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவையறையில் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்தும் மடிப்பாள். செய்தி டிகிரிக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருந்தது.

"தங்கச்சி போன்ல அழறா. வாடிக்கை முன்னால வச்சு அவள அம்போன்னு விட்டுட்டியாமே."

"வாடிக்கைய அம்போன்னு விடல. ஒண்ணத்தான் விட முடியும்."

"அவ இல்லைன்னா நீ இன்னும் வீட்டுல உக்காந்து கூரையப் பாத்துட்டு இருந்திருப்ப."

"ஆமா. அதுக்காக?"

"அதுக்காக ஒரு தடவ கண்டும் காணாம இருந்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"அம்மா, அந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர் படுத்த விரிப்ப அப்படியே மடிச்சு இன்னொருத்தருக்குப் போடச் சொன்னா போடுவியா?"

அம்மாவின் கை மடிப்பில் நின்றது. "அது வேற" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது எப்படி வேறு என்று தெரியவில்லை போலிருந்தது. துண்டை உதறி, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள். "வேலையை விட்டுட்டு மட்டும் வந்து நிக்காதே. பதினாலு மாசம் போதும் எனக்கு" என்றாள் கடைசியில். டிகிரி இன்னொரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

வெள்ளிக்கிழமை கடை திறந்து அரைமணி ஆகியிருக்காது. சீருடையும் தொப்பியுமாகப் பஸ்காரி வந்து நின்றாள். பேசவில்லை. அவள் பேசாமல் நின்றதே பயமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி, இடது காது மடலை முன்னால் மடக்கினாள்.

அரை உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. நடுவில் கொப்புளத்தில் நீர் கோத்திருந்தது. வீக்கம் கழுத்து வரை இறங்கியிருந்தது.

"விடியிற வரைக்கும் தூங்கல" என்றாள். "வலியில இல்ல. யோசனையில. ஒரு பொட்டுக்கே இப்படின்னா, ரெண்டு கண்ணுலயும் இருந்திருந்தா? திங்கக்கிழமை எந்தக் கண்ணால ஏழாவது வளைவப் பாத்திருப்பேன்? அந்த நாலு பேரும் கை தட்டியிருப்பான்."

சித்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை. ஓடிப்போய் ஐஸ் எடுத்து வந்தாள், துணியில் சுற்றினாள், தானே காதில் வைத்துப் பிடித்தாள். டிகிரி அந்த வேகப் பசையின் பெயரையும் அதிலிருக்கிற சரக்கின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். "முதல்ல டாக்டர்கிட்ட போங்க. இதக் காட்டுங்க. இனி எங்க போனாலும் இந்தப் பேரச் சொல்லிட்டுத்தான் படுக்கணும்."

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. அது போதும்" என்றாள் பஸ்காரி. டிகிரியின் கன்னத்தை அழுத்திக் கிள்ளினாள். வலித்தது. "மலை ரூட்டுக்கு அண்ணனாவே போறேன், பரவாயில்ல." சித்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

சித்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசியபோது, குரலில் மேடம் இல்லை.

"சரிடி. நீ சொன்னது சரி. இனி உன் பாட்டிலத் தொட மாட்டேன். உன் கட்டில்ல நீ வச்சதுதான் சட்டம். கார்டு எழுதிக்கோ, காதுல பொட்டு வை, பசையத் தேதி பாத்துக் கொட்டு. போதுமா?"

நூலக்கா மூச்சை விட்டாள். சித்தி இவ்வளவு தூரம் இறங்கி வந்து அவள் பார்த்ததே இல்லை. இதை வாங்கிக்கொள்ளாதவள் பைத்தியக்காரி.

"உங்க கட்டில்ல?" என்றாள் டிகிரி.

"என்ன?"

"உங்க கட்டில்ல வந்து படுக்கிறவங்களுக்கு?"

"அவங்க என் வாடிக்கை. பன்னெண்டு வருஷ வாடிக்கை. அவங்களுக்கு என் கை பழகினது."

"கை பழகினதுதான். பசை பழகினது இல்ல. போன வாரத்துல இருந்து வேகப் பசையில எத்தனை பேருக்கு ஒட்டினீங்க?"

நூலக்காதான், யாரும் கேட்காமல், நூலை விரலில் சுற்றியபடியே சொன்னாள். அவளுக்கு ஆட்களின் பெயர் நிற்காது, புருவம் நிற்கும். "ஆறு பேர். சேந்த புருவம், அதான் தையல் கடைக்காரி. மருந்துக் கடைப் பொண்ணு, வலது புருவத்துல தழும்பு. டீச்சரம்மா. டீச்சரம்மாவோட மருமக. ரெண்டு தெரு தள்ளி சைக்கிள் கடை வச்சிருக்கிறவரோட பொண்டாட்டி. அப்புறம் அந்த மெல்லிசுப் புருவம், பேங்க்ல வேலை."

"அவங்க ஆறு பேருக்கும் போன் பண்ணுங்க சித்தி. வீங்கியிருக்கான்னு கேளுங்க. இருந்தா டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. நான் போய் எடுத்து விடறேன்னு சொல்லுங்க."

சித்தியின் முகம் மறுபடியும் மூடிக்கொண்டது. "நானே போன் பண்ணி, நானே என் தலையில மண்ண வாரிப் போட்டுக்கவா? ஏதாவது இருந்தா அவங்களே வருவாங்க."

"வர மாட்டாங்க. அவங்களே கைய வச்சுத் தேச்சிருப்பாங்க, புடுங்கியிருப்பாங்க. மூஞ்சியில பூசினதுதான் ஒத்துக்கலைன்னு நெனச்சிருப்பாங்க."

"நெனக்கட்டும். தெரு முழுக்கத் தண்டோரா போடணும்னு ஆசையா உனக்கு? இந்தக் கடை போச்சுன்னா எனக்கு என்னடி இருக்கு?"

அந்தக் கேள்வியில் நடிப்பு இல்லை. டிகிரிக்கு அது தெரிந்தது. சித்தியை அவளுக்குப் பிடிக்கும்; பதினான்காவது மாதத்தில் கதவைத் தட்டிய ஒரே ஆள் அவள்தான். ஆனாலும் ஆறு பேரின் பன்னிரண்டு கண்களை அந்தப் பிடித்தலின் மேல் தூக்கி வைத்தால் அது தாங்காது. நேற்று அந்த இருபது முடியை ஒவ்வொன்றாக வழித்து எடுத்தபோதே அவள் இதை முடிவு செய்துவிட்டாள். இன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் இடுக்கிகளை ஊறப்போட்டு எடுத்து உலர்த்தி உறையில் போட்டதும், கரைக்கிற கிரீமும் புதுப் பஞ்சும் பையில் வைத்ததும் அதற்காகத்தான். சித்தி போன் பண்ணியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். பண்ணவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலங்கியைக் கழற்றி, மடிக்காமல், ஆணியில் மாட்டினாள். பையைத் தோளில் போட்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அவங்களப் பாக்க."

"டிகிரி, இந்த வாசலத் தாண்டினா திரும்ப வராதே. சொல்லிட்டேன். உங்கம்மாவுக்கும் நீயே பதில் சொல்லிக்கோ."

"சொல்லிக்கிறேன் சித்தி. நீங்க அந்த பாட்டில மட்டும் கொட்டிடுங்க."

நூலக்காவிடம் திரும்பினாள். "தையல் கடை எப்போ திறப்பாங்க?"

நூலக்கா சித்தியைப் பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இந்நேரம் திறந்திருப்பாங்க. இடது கைப் பக்கம், தண்ணிக் குழாய்க்கு எதிர்ல. கருப்புக் கண்ணாடி போட்டுட்டுத் தைக்கிறாள்னு நேத்து யாரோ சொன்னாங்க. வேகமாப் போ."

டிகிரி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.